ஒரு வாய் ருசி

எங்கள் பத்திரிகையில் சமையற் போட்டி நடக்கும்போதெல்லாம் நடுவர் நாற்காலியில் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிடுவது வழக்கம். எனக்கு நன்றாகச் சமைக்கத் தெரியும் என்பதல்ல காரணம். என் வீட்டில் விசாரித்தால் அந்த உண்மை வெளிவந்துவிடும். என் நாக்கு கொஞ்சம் பொல்லாத நாக்கு என்று ஆபீஸில் ஒரு பெயர், அவ்வளவுதான். மைசூர்பாகில் நெய்யோடு வனஸ்பதி கலந்திருந்தால் சொல்லிவிடுவேன். வற்றல் குழம்பில் வெந்தயம் அரை நிமிஷம் அதிகமாக வறுபட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுவேன். இதனால் எனக்குச் சிநேகிதிகள் சிலர் குறைந்துபோனதும் உண்டு.

அப்படிப்பட்ட நான், சென்ற தை மாதம் ஒரு பீர் புட்டியை ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று!

முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! விஷயத்தை முழுவதும் கேட்டுவிட்டு, அப்புறமும் சுளிக்க வேண்டுமென்று தோன்றினால் தாராளமாகச் சுளித்துக்கொள்ளலாம். ஏனென்றால் அந்தப் புட்டியைத் திறக்கச் சொன்னவள் வேறு யாருமல்ல, என் அம்மா. தன் வயதில் பாதியை அந்தச் சாமானின் நெடிக்குப் பயந்தே கழித்தவள்.

எங்கள் ஊர் பழையசீவரம். செங்கற்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் ரயிலில் ஏறினால், வாலாஜாபாத் வருவதற்கு முன்னாலேயே எங்கள் ஸ்டேஷன் வந்துவிடும். ஒரு பக்கம் பத்மகிரி என்னும் சின்னஞ்சிறு குன்று. அதன்மேல் லட்சுமி நரசிம்மர் குடிகொண்டிருக்கிறார். இன்னொரு பக்கம் பாலாறு. அக்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் அது. அங்கேயுள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ம் நூற்றாண்டில் அந்தக் கோயிலில் 15 படுக்கைகளோடு ஓர் ஆஸ்பத்திரி நடந்ததையும், வைத்தியருக்கும் மற்றவர்களுக்கும் இவ்வளவு நெல் என்று அளந்ததையும் அது சொல்கிறது. ஆக, தானியத்தை அளந்து பார்ப்பதும் மதிப்புப் போடுவதும் எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல!

என் நாக்குக்குக் குரு எங்கள் ஆயா. பட்டணத்தில் ஆயா என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிறவள். எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. என் அப்பாவைப் பெற்றவள்.

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாளில், தெருவிலுள்ளவர்கள் எல்லாரும் ஆயாவைத் தேடிக்கொண்டு வருவார்கள். அம்மனுக்குப் படைக்கும் முன்னால் கூழை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாதல்லவா? ஆகையால் ஆயா மூக்கினாலேயே பார்ப்பாள். முதல் நாள் கரைத்து வைத்த கேழ்வரகு மாவுப் பானையின் மூடியை விலக்கி ஒரே ஒரு தரம் மூச்சை இழுப்பாள். "இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும்" என்பாள். அல்லது, "இப்போ அடுப்பிலே ஏத்து" என்பாள். எப்போதாவது ஒரு பானையைப் பார்த்து, "இது தாண்டிப் போச்சு" என்று சொல்லிவிட்டால் அப்புறம் அதற்கு அப்பீல் கிடையாது.

ஆயாவின் இன்னொரு வித்தை முளைக்கட்டிய மாவு. கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி ஓர் இரவு ஊற வைப்பாள். காலையில் தண்ணீரை வடித்துவிட்டு, வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, காய்ந்துவிடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பாள். இரண்டாம் நாள் வெள்ளை வெள்ளையாய் முளை எட்டிப் பார்க்கும். "இதோட நிறுத்திடணும். இன்னும் விட்டா தானியத்தோட சத்தை முளையே தின்னுடும்" என்று மூட்டையை அவிழ்ப்பாள். நிழலில் உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து, உள்ளங்கையால் தேய்த்து முளையைப் புடைத்துவிட்டு, மாவாக அரைப்பாள். அந்த வறுக்கும் வாசனை இருக்கிறதே, அது தெருக்கோடி வரைக்கும் போய்ப் பிள்ளைகளை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வரும்.

இந்த மாவில் ஒரு விசேஷம் உண்டு. சாதாரணக் கேழ்வரகு மாவைக் காய்ச்சினால் களிபோல் இறுகிப்போகும். முளைக்கட்டிய மாவோ எவ்வளவு போட்டாலும் இளகியே இருக்கும். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு ஒரே கிண்ணத்தில் கூடுதலாக மாவு கரைத்து ஊட்டலாம். ஏன் அப்படி என்பது ஆயாவுக்குத் தெரியாது. முளைக்கும் தானியம் தன்னிடமுள்ள மாவுச் சத்தைச் சர்க்கரையாக உடைப்பதற்கு ஒரு வகை நொதியை உண்டாக்கிக்கொள்கிறது என்பதும், கஞ்சியை இளக வைப்பதும் இனிக்க வைப்பதும் அந்த நொதிதான் என்பதும் பிற்பாடு தம்பி சொல்லி எனக்கே தெரிந்தவை.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும்.

அப்பா நல்லவர், குடிக்காத நாட்களில். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மலைமேல் ஏறியிருக்கிறார். ஆயாவின் கஞ்சியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறார். ஆனால் நெல் விற்ற பணம் கைக்கு வந்த நாளில் அவருடைய கால்கள் வீட்டுக்கு வருகிற வழியை மறந்துவிடும். சாலையோரத்துக் கடைக்குத்தான் போகும். இரவு அவர் வாசலில் காலடி வைக்கும் முன்பே அந்த நெடி வந்துவிடும். அம்மா எங்களை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துவாள்.

1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது ஆயா சின்னப் பெண். 1971-ல் மதுவிலக்கை நிறுத்தி வைத்தார்கள். 1974-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். அப்புறம் மறுபடி விட்டுவிட்டார்கள். "கடையைத் திறக்கிறதும் மூடுறதும் அவங்க கையிலே. என் வீட்டுக் கதவு என் கையிலே" என்பாள் ஆயா. சொன்னதோடு நிற்கவில்லை, ஒரு நாள் தான் பெற்ற ஒரே பிள்ளையை இரவு முழுவதும் திண்ணையில் படுக்க வைத்தாள். அன்று ஆயாவும் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா போய்விட்டார். தம்பிக்கு அப்போது ஒன்பது வயது. அதன் பிறகு அம்மாவும் ஆயாவும் முளைக்கட்டிய மாவை வாலாஜாபாத்திலும் காஞ்சிபுரத்திலும் வீடு வீடாக விற்றார்கள். நான் பி.ஏ. முடித்தது அந்த மாவில்தான். தம்பி பள்ளிக்கூடத்துக்குப் போனதும், ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியதும் அந்த மாவில்தான்.

பட்டம் வாங்கிய தம்பி எடின்பரோ நகரத்துக்குப் போய் மேலே படிக்கப் போவதாகச் சொன்னான். "என்ன படிப்பு?" என்று அம்மா கேட்டாள். "தானியத்தைப் பற்றிய படிப்பு" என்றான். அம்மாவுக்குப் பரம சந்தோஷம்.

அவன் சொன்னது பொய்யல்ல. ஆனால் முழு மெய்யுமல்ல. எடின்பரோவிலுள்ள ஹெரியட்–வாட் பல்கலைக்கழகத்தில் பீர் வடிக்கும் விஞ்ஞானத்துக்கும் விஸ்கி காய்ச்சும் விஞ்ஞானத்துக்கும் சேர்த்து எம்.எஸ்ஸி. பட்டம் கொடுக்கிறார்கள். அதில்தான் அவன் சேர்ந்தான். குடியால் தகப்பனை இழந்த பிள்ளை!

இது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்களா? தெரியும். விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்தவளே நான்தான். "மால்ட் செய்வதைப் பற்றி உலகத்திலே நன்றாகச் சொல்லிக் கொடுக்கிற இடம், அக்கா. அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்" என்றான். நானும் தலையை ஆட்டினேன். அந்த 'மெதுவாக' ஒரு வருஷம் நீண்டுவிட்டது. ஊரார் பலகாரத்துக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி மதிப்பெண் போடுகிறவள், பெற்ற தாயிடம் ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்குத் தம்பி ஊருக்கு வந்தான். தை 2-ம் தேதி, மாட்டுப் பொங்கலன்று, எங்கள் ஊரில் பார்வேட்டை உற்சவம். காஞ்சியிலிருந்து வரதராஜப் பெருமாள் எழுந்தருளி மலைமேல் ஏறுவார். மாலையில் எங்கள் நரசிம்மரும் அவரோடு சேர்ந்து ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் போவார். ஊர் முழுவதும் ஜனக் கூட்டம். அந்த அமர்க்களத்துக்கு நடுவில், துவைக்கத் துணி எடுப்பதற்காகத் தம்பியின் பெட்டியைத் திறந்த அம்மா, கம்பளிச் சட்டைக்குள் சுற்றியிருந்த புட்டியைக் கண்டெடுத்துவிட்டாள்.

கத்தவில்லை. அழவில்லை. முந்தானையால் புட்டியை மூடிக்கொண்டு போய்ப் பின்கட்டில் வைத்தாள். எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். "பெருமாள் ஆத்தைக் கடக்கட்டும். அப்புறம் பேசிக்கலாம்" என்றாள்.

அன்று மாலை பெருமாள் ஆற்றைக் கடந்த நேரத்தைப் போல் நீண்ட நேரத்தை நான் கண்டதில்லை.

மறுநாள் காலையில் அம்மா புட்டியைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள். தம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். படிப்பைச் சொன்னான், விண்ணப்பத்தைச் சொன்னான், அக்காவுக்குத் தெரியும் என்பதையும் சொன்னான். "இது குடிக்கிறதுக்காகக் கொண்டுவரலை, அம்மா. அக்காவோட நாக்கு இதைப் பத்தி என்ன சொல்லும்னு பார்க்கத்தான் கொண்டுவந்தேன்."

"நீ குடிக்கிறியா?"

தம்பி சற்றுத் தயங்கினான். "படிப்பிலே ருசி பார்க்கணும். வெள்ளிக்கிழமை சிநேகிதங்களோட ஒரு கிளாஸ் உண்டு. ஒண்ணுதான்."

"உங்க அப்பாவும் ஒண்ணுதான்னு சொன்னவர்தான்" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ ருசி பார்த்துச் சொல்லு. உங்க அப்பா குடிச்சதும் இதுவும் ஒண்ணா, வேறயா? ஆயா வளர்த்த நாக்கு அது. பொய் மட்டும் சொல்லாதே. ஏற்கெனவே ஒரு வருஷத்துப் பொய் பாக்கி இருக்கு."

வீட்டில் கண்ணாடித் தம்ளர் கிடையாது. எவர்சில்வர் தம்ளரில் நிறம் தெரியாது. கடைசியில், ஆயா உப்புப் போட்டு வைத்திருந்த பழைய ஹார்லிக்ஸ் புட்டியைக் கழுவித் துடைத்து எடுத்து வந்தேன். தம்பி பீர் புட்டியின் மூடியைக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டி ஒரு தட்டுத் தட்டினான். மூடி துள்ளி விழுந்தது. பழகிய கை! அம்மா அதையும் கவனித்தாள்.

"இது ஏல் என்கிற ஜாதி பீர். ஐஸில் வைத்துக் குடிக்கிறதில்லை. இந்தத் தை மாசத்துக் காலைக் குளிர்ச்சியே போதும்" என்று சொல்லிச் சாய்த்து ஊற்றினான். கறுப்புக் காபி டிகாக்ஷன் நிறம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் பனைவெல்லப் பாகின் சிவப்பு. மேலே பாலாடை நிறத்தில் நுரை.

நுரை அடங்கும் வரையில் தம்பி ஊர்க்கதை சொன்னான். ஸ்காட்லாந்து ஏலுக்கு மால்ட்தான் பிரதானமாம். தானியத்தை முளைக்க வைத்து உலர்த்தினால் அதுவே மால்ட். அவர்களுடைய தானியம் பார்லி. ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவை அளவாகத்தான் சேர்ப்பார்கள். ஆகவே தித்திப்பு முன்னே நிற்கும், கசப்பு பின்னே நிற்கும். 60 ஷில்லிங் ஏல், 80 ஷில்லிங் ஏல் என்றெல்லாம் பெயர் உண்டாம். 19-ம் நூற்றாண்டில் ஒரு பீப்பாய்க்கு விதித்த விலையை வைத்து ஏற்பட்ட பெயர். 1971-ல் பிரிட்டனில் ஷில்லிங் கணக்கே போய்விட்டது. பெயர் மட்டும் போகவில்லை.

"விலையைச் சொல்லியே கூப்பிடறாங்களா?" என்று அம்மா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "இந்த வீடு கொடுத்த விலையைச் சொல்லிக் கூப்பிட்டா வாய் தாங்காது."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெதுவாக, அந்தப் புட்டி வந்த இடத்தைச் சொன்னான். ஸ்காட்லாந்தின் தெற்கே இன்னர்லீதன் என்ற ஊருக்குப் பக்கத்தில் டிராக்வேர் மாளிகை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் வசித்துவரும் மிகப் பழைய வீடு. அந்த நாட்டிலேயே பழையது என்கிறார்கள். அங்கே வீட்டுக்கென்று 18-ம் நூற்றாண்டில் பீர் வடித்த பழைய கொட்டிலைப் பிற்காலத்து வாரிசு ஒருவர் 1965-ல் மறுபடி நடத்தத் தொடங்கினார். அந்த வீட்டின் பெரிய வாசலில் இரண்டு கல் கரடிகள் காவல் நிற்கின்றன. 1745-ல் ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லி, ராஜ்யத்தைத் திரும்பப் பிடிக்கப் படையெடுத்த சமயம் அந்த வீட்டுக்கு வந்தார். அவர் போனதும் வாசலைச் சாத்தி, ஸ்டூவர்ட் வம்சம் மறுபடி சிம்மாசனம் ஏறும் வரை திறப்பதில்லை என்று வீட்டு எஜமானர் சபதம் செய்தாராம். இளவரசர் தோற்றுப்போனார். கதவு இன்றும் சாத்தியபடியே இருக்கிறது.

அம்மா இதைக் கவனமாகக் கேட்டாள். "கதவைச் சாத்தினா சாத்தினதுதான். அந்த வீட்டிலேயும் நம்ம ஆயா மாதிரி யாரோ இருந்திருக்காங்க" என்றாள்.

நான் புட்டியை மூக்கருகில் கொண்டுபோனேன். என் கை நடுங்கியது. அப்பாவின் நெடி எங்கே கிளம்பி வந்துவிடுமோ என்று பயம். கண்ணை மூடிக்கொண்டு, ஆயா செய்வதுபோல் ஒரே தரம் மூச்சை இழுத்தேன்.

அந்த நெடி இல்லை. முதலில் வந்தது ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறந்ததும் வருமே, அந்த வாசனை. புட்டியைச் சரியாகக் கழுவவில்லையோ என்று சந்தேகப்பட்டேன். இல்லை, ஹார்லிக்ஸும் பார்லி மால்ட்டில் செய்வதுதானே! அதற்குப் பின்னால் கருகும் பக்குவத்தில் இறக்கிய வெல்லப் பாகு. அதற்கும் பின்னால், அடுப்படியில் ஆயா உட்கார்ந்து இளஞ்சூட்டில் முளைக் கேழ்வரகை வறுக்கும் வாசனை. ஆயா இறந்து எத்தனையோ நாளாயிற்று. அந்த வாசனை ஒரு ஸ்காட்லாந்துப் புட்டியிலிருந்து வந்து என் கண்ணை நனைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு வாய் எடுத்துக்கொண்டேன். நாக்கின் மேல் கனமாக உருண்டது. தித்திப்பு, அதன்மேல் காபிபோல் இலேசான கசப்பு, அப்புறம் ஏதோ ஒன்று. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. சாம்பார்ப் பொடி அரைக்கிற நாளில் வீடெல்லாம் மணப்பது...

"இதிலே தனியா போட்டிருக்கான்!" என்று கத்தினேன்.

தம்பி துள்ளி எழுந்தான். "போட்டிருக்காங்க, அக்கா! அந்த 1745 கலகத்தின் 250-வது வருஷ ஞாபகமாக 1995-ல் ஆரம்பித்த ஏல் இது. கொத்தமல்லி விதைதான் இதன் விசேஷம். எங்க வகுப்பிலேயே முதல் வாயில் கண்டுபிடிச்சவங்க கொஞ்சப் பேர்தான்!"

என் முகத்தில் பெருமை எட்டிப் பார்த்தது. அம்மாவின் முகத்தில்கூட ஒரு நொடி. அந்த நொடி கழிந்தது. அந்த வாயை நான் விழுங்கினேன். தொண்டையைத் தாண்டிய இடத்தில் ஒரு சூடு கிளம்பியது. மெதுவாக, மரியாதையாக, பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. ஆனால் எனக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது.

"இதிலே எத்தனை சதவீதம்?" என்று தம்பியைக் கேட்டேன்.

"எட்டு."

அம்மா காத்திருந்தாள். ருசி நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டால் வீட்டில் அப்போதைக்குச் சமாதானம் வந்திருக்கும். அப்பா குடித்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லியிருந்தால் தம்பிக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். இரண்டும் அழகான பொய்கள்.

"அம்மா, வாசனைக்குப் பத்துக்கு ஒன்பது போடுவேன். ருசிக்கு எட்டு. செய்தவனுக்குக் கை சுத்தம். தானியத்தை மதிக்கத் தெரிஞ்சவன். அப்பா குடிச்சதிலே ருசியே கிடையாது. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மறக்கிறதுக்காக ஊத்திக்கிட்டார். இது வேற. ஆனா அடியிலே இருக்கிற ஆள் அதே ஆள்தான். ருசியா இருக்கிறதாலே அவன் நல்லவன் ஆயிடலை. இன்னொரு வாய் வேணும்னு என் நாக்கு கேக்குது, அதையும் சொல்லிடறேன்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வாசலில் மாட்டுக் கொம்புகளுக்குக் கட்டிய பலூன் ஒன்று வெடித்தது.

"நல்லா இருக்குன்னு சொன்னே பாரு, அதனாலேதான் மத்ததையும் நம்பறேன்" என்றாள் அம்மா.

தம்பி அருகில் வந்து உட்கார்ந்தான். "அம்மா, நீங்களும் ஆயாவும் செய்ததையேதான் நானும் படிக்கிறேன். ஊற வைக்கிறது, முளைக்கட்டறது, உலர்த்தறது, வறுக்கிறது எல்லாம் அதேதான். அப்புறம் வெந்நீர் விட்டுச் சர்க்கரையை இறக்கி, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கிறாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

"நாங்க நிறுத்தின இடத்திலே நீங்க நிறுத்தலை. அந்த 'அவ்வளவுதான்'லேதான் உங்க அப்பா போனார்" என்றாள் அம்மா. பிறகு கேட்டாள்: "அந்த ஊரிலே ருசி பார்த்துக் குடிக்கிறவங்க இருக்காங்களே, குடிச்சுக் கெட்டவங்க இல்லையா?"

தம்பி பொய் சொல்லவில்லை. "இருக்காங்க, அம்மா. ரொம்பப் பேர். அதனாலேதான் 2018-ல், மதுவை இந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாதுன்னு அந்த அரசாங்கமே சட்டம் போட்டது. 2024-ல் அந்த விலையை இன்னும் ஏத்தினாங்க."

அம்மா ஹார்லிக்ஸ் புட்டியைக் கையில் எடுத்தாள். நாங்கள் இருவரும் மூச்சுவிடவில்லை. அதைத் தன் மூக்குக்குக் கொண்டுபோனாள். என் நினைவு தெரிந்து, இந்தச் சாமானின் பக்கம் அவள் முகம் திரும்பியது அதுதான் முதல் தடவை.

"முளைக் கேழ்வரகு வாசனைதான்" என்றாள் தாழ்ந்த குரலில். "பாவம், நல்ல தானியம்."

பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போய், புட்டியிலிருந்ததையும் தம்ளராக இருந்ததிலிருந்ததையும் வாழைக் கன்றின் அடியில் கவிழ்த்தாள். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அவன் அதற்குக் கொடுத்த விலை அவனுக்குத்தானே தெரியும்! திரும்பி வந்து அம்மா சொன்னாள்:

"படிப்பை முடிச்சுட்டு வா. பாதியிலே விட்ட படிப்பும் பாதியிலே இறக்கின கஞ்சியும் யாருக்கும் ஆகாது. ஆனா சாராயம் காய்ச்சிச் சம்பாதிச்ச காசு ஒரு பைசா இந்த வாசப்படி ஏறக் கூடாது. முளைக்கட்டறதைப் படி. எங்கே நிறுத்தணும்ங்கிறதையும் படி. அதை உன் வாத்தியார் சொல்லித் தரலைன்னா நான் சொல்லித் தரேன்."

"அம்மா, பீர் காய்ச்சறதில்லை, வடிக்..." என்று ஆரம்பித்த தம்பி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். எங்கே நிறுத்துவது என்பதில் முதல் பாடம் அப்போதே ஆரம்பித்துவிட்டது!

என் பங்குக்கும் ஒன்று கிடைத்தது. "ஊரார் பலகாரத்துக்குத் தீர்ப்புச் சொல்றவ, வீட்டு விஷயத்தை ஒரு வருஷம் மூடி வச்சே. மூடி வச்ச பானைதான் தாண்டிப் போகும். ஆயா சொல்லித் தரலையா?" நான் பதில் சொல்லவில்லை. பதில் ஏது?

தம்பி ஊருக்குக் கிளம்பிய அன்று, ஒரு படி முளைக்கட்டிய மாவைப் பொட்டலம் கட்டி அம்மா அவன் பெட்டியில் வைத்தாள். "உன் வாத்தியாருக்குக் கஞ்சி போட்டுக் கொடு. அவர் நாக்கு என்ன சொல்லுதுன்னு நாமும் பார்ப்போம்" என்றாள். காலிப் புட்டியை வெந்நீரில் கழுவி வெயிலில் உலர்த்தினாள். இப்போது அதில் விளக்கெண்ணெய் இருக்கிறது. மேல் சீட்டில் டிராக்வேர் மாளிகையின் பெயர் இன்னும் அழியவில்லை.

தம்பி என்ன செய்யப் போகிறான் என்று எனக்குத் தெரியாது. பீர் ஆலைகள் அதிகச் சம்பளத்தோடு கூப்பிடுகின்றன. மால்ட் கஞ்சி மாவுக்கு அவ்வளவு கூப்பிடுவார் இல்லை. அவனுக்கு இருபத்தாறு வயது, தீர்ப்பு அவனுடையது. அவன் இனிமேல் எதையும் மூடி வைக்க மாட்டான் என்பது மட்டும் நிச்சயம்.

சென்ற வாரம் தொலைபேசியில் கூப்பிட்டான். நான் ஊரில் இருந்தேன். அம்மாவும் கேட்கும்படி வைத்தேன்.

"வாத்தியாருக்கு வெல்லம் போட்டுக் கஞ்சி கொடுத்தேன், அம்மா. வெளிச்சத்திலே பிடிச்சுப் பார்த்தார். மோந்து பார்த்தார். ஒரு வாய் குடிச்சிட்டு, மால்ட் ரொம்ப நேர்த்தி, யார் செய்ததுன்னு கேட்டார். எங்க அம்மான்னேன். இதிலே எத்தனை சதவீதம்னு கேட்டார். பூஜ்யம்னேன். நம்பலை. இன்னொரு தம்ளர் வாங்கிக் குடிச்சுட்டுத்தான் நம்பினார்!"

அம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்து உள்ளே போனாள். சற்று நேரத்தில் பின்கட்டிலிருந்து, முறத்தில் கேழ்வரகைக் கொட்டிப் புடைக்கும் சத்தம் கேட்டது. இரண்டு படியாவது இருக்கும்.